ஸ்பெயின் ஏற்காத நாட்டின் கோட்டை

ஸ்பெயின் மன்னர் நெதர்லாந்தைத் தனி நாடாக ஒப்புக்கொண்ட ஆண்டு 1648. அதற்கு 35 ஆண்டுகள் முன்பே, 1613-இல், அந்த நாட்டின் கோட்டை பழவேற்காட்டில் எழும்பிவிட்டது. இன்றைய கணக்கில் அது திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து பைக்கில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். கோட்டை இருந்த இடம் இப்போது முள்ளும் புதரும் மூடிய மேடு. சுற்றியிருந்த அகழியின் தடம் மட்டும் தெரிகிறது. நிலைத்து நிற்பது ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரர்களின், கல்லறைத் தோட்டம்தான். அதன் வாயிலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே குலச்சின்னங்களும் டச்சு வாசகங்களும் பொறித்த பெரிய பெரிய கற்பலகைகள். இங்கே புதைக்கப்பட்டவர்களில் 1648-க்கு முன் இறந்தவர்களும் உண்டு. மாட்ரிட் அரண்மனையின் பார்வையில் அவர்கள் எந்தத் தனி நாட்டின் குடிகளும் அல்லர். தங்கள் மன்னரை எதிர்த்துக் கலகம் செய்தவர்கள், அவ்வளவுதான்.

புதிதாக ஒரு நாடு பிறந்தது என்று யார் சொன்னால் செல்லும்? சட்டக் கல்லூரி மாணவரைக் கேட்டால் மான்டிவிடியோ என்பார். உருகுவேயின் தலைநகரில் 1933 டிசம்பரில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை அது. நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன் ஆகிய நான்கும் இருந்தால் நாடு. பிறர் ஏற்பதும் ஏற்காததும் அதன் இருப்பைப் பாதிக்காது என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. ஏட்டில் அழகாகத்தான் இருக்கிறது. நான்காவது நிபந்தனைதான் இடிக்கிறது. பேச யாருமே முன்வராவிட்டால் அந்தத் திறனை எங்கே போய்க் காட்டுவது? பழவேற்காட்டில் நடந்தது இந்த முடிச்சின் பழைய வடிவம்.

நெதர்லாந்தின் மாகாணங்கள் 1568 முதல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பை எதிர்த்துப் போரிட்டன. 1581 ஜூலை 26-இல் அவர் இனி தங்கள் மன்னர் இல்லை என்று எழுதியே அறிவித்தன. அறிவித்த கையோடு சுதந்திரக் கொடி ஏற்றினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வேறு மன்னரைத் தேடி அலைந்தார்கள். பிரெஞ்சு மன்னரின் தம்பி அஞ்ஜூ கோமகன் வந்தார், ஒத்துவரவில்லை. பிரான்சின் மூன்றாம் ஹென்றியிடம் கேட்டார்கள், மறுத்துவிட்டார். இங்கிலாந்தின் எலிசபெத் அரசியிடம் கேட்டார்கள். படை அனுப்பினார், மகுடத்தை ஏற்கவில்லை. 1588-இல்தான் மன்னர் இல்லாமலே காலம் தள்ளுவோம் என்ற நிலைக்கு வந்தார்கள். உலகின் புகழ்பெற்ற குடியரசுகளில் ஒன்று, அரியணைக்கு ஆள் கிடைக்காமல் பிறந்தது. 1596-இல் பிரான்சும் இங்கிலாந்தும் ஸ்பெயினுக்கு எதிரான கூட்டணியில் அவர்களை ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொண்டன. ஐரோப்பாவில் அவர்களை நாடாக நடத்திய முதல் பெரிய ஒப்பந்தம் என்று அதைச் சொல்லலாம்.

அடுத்த அடி வணிகர்கள் வழியாக வந்தது. 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு, சுமார் 64 லட்சம் கில்டர் பங்கு முதலோடு, வேறொரு முதலும் கிடைத்தது. ஆசிய அரசர்களோடு குடியரசின் பெயரால் ஒப்பந்தம் போடலாம், கோட்டை கட்டலாம், படை வைத்துக்கொள்ளலாம் என்று அதன் சாசனம் அனுமதித்தது. ஏலமும் கிராம்பும் வாங்கப் போனவர்களே தூதர்களும் ஆனார்கள். அச்சே சுல்தானின் தூதுக்குழு 1602-இல் நெதர்லாந்துக்கே போயிற்று. தலைமைத் தூதர் மிடில்பர்க் நகரில் இறந்து அங்கேயே அடக்கமானார். 1608-இல் சயாம் தூதர்கள் ஹேக் நகரில் டச்சுத் தலைவர் மாரிஸ் இளவரசரைச் சந்தித்தார்கள். ஒல்லாந்தர் நாடற்ற கடற்கொள்ளையர் என்று போர்த்துகீசியர் ஆசிய அரசவைகளில் எல்லாம் சொல்லிவந்த காலம். நாடு இருக்கிறதா என்று நேரில் பார்த்துவர ஆள் அனுப்பியது ஒரு வகையில் நியாயமே.

போர்த்துகீசியர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1580 முதல் போர்ச்சுகல் ஸ்பெயின் மகுடத்தின் கீழ் இருந்தது. மயிலாப்பூரில், சாந்தோம் கோட்டையில் இருந்த போர்த்துகீசியருக்கும், கரையோரமாக வடக்கே பழவேற்காட்டில் வந்திறங்கிய ஒல்லாந்தருக்கும் காகிதப்படி ஒரே மன்னர். ஒரு தரப்பு அவரை ஏற்றது. மறு தரப்பு உதறியது. ஐரோப்பாவின் உள்வீட்டுச் சண்டை ஒன்று நம் கடற்கரையில் வந்து முற்றுகை போட்டது.

இந்த வழக்கில் நடுவராக உட்கார்ந்தவர் விஜயநகரத்தின் இரண்டாம் வேங்கடபதி. நடுவரின் நிலைமையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் பேரரசு சுருங்கிக்கொண்டே வந்தது. தலைநகர் பெனுகொண்டாவிலிருந்து சந்திரகிரிக்கும் வேலூருக்கும் நகர்ந்தது. வடக்கே கோல்கொண்டா நெருக்கியது. தெற்கே மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் பெயரளவில் அடங்கியிருந்தார்கள். ஆனாலும் 1610-இல் அவர் போட்ட ஒப்பந்தம் ஒல்லாந்தருக்குப் பழவேற்காட்டில் குடியேறி வணிகம் செய்யும் உரிமை தந்தது. ஸ்பெயினின் உரிமைக் கோரிக்கையைப் பற்றி அவருக்கு என்ன கவலை? கடல் வாணிகத்தில் போர்த்துகீசியரின் பிடியைத் தளர்த்த இன்னொருவர் வேண்டும். சுங்கம் வரவேண்டும். ஒல்லாந்தர் சட்டப்படி நாடா என்ற கேள்வி சந்திரகிரி அரசவையில் எழுந்திருந்தாலும், சுங்கக் கணக்குக்கு முன் அது நின்றிருக்காது என்றே நினைக்கிறேன்.

1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் பழவேற்காட்டு டச்சுப் பண்டகசாலையைத் தாக்கி அழித்தார்கள். அதன் பிறகுதான் கோட்டை. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் கெல்டிரியா. வெறும் ஒப்பந்தம் காப்பாற்றவில்லை. கல்லும் பீரங்கியும் சேர்ந்தபோது அங்கே இருப்பு உறுதியானது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தருக்கு இதுவே தலைமை.

இதற்கிடையே 1609-இல் ஸ்பெயின் அவர்களோடு 12 ஆண்டுப் போர்நிறுத்தம் செய்துகொண்டது. அதன் வாசகம் ராஜதந்திரத்தின் சாமர்த்தியம். ஸ்பெயின் எந்த உரிமையும் கோராத சுதந்திர நாடுகள் போல இவர்களைப் பாவித்துப் பேசுவதாக எழுதினார்கள். ஏற்றதாகவும் இல்லை, மறுத்ததாகவும் இல்லை. அதே ஆண்டு டச்சுச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸின் சுதந்திரக் கடல் பற்றிய நூல் வெளிவந்தது. கிழக்கிந்திய தேசங்களுக்குச் சொந்த அரசர்கள் உண்டு, போர்த்துகீசியருக்கு அங்கே ஆளுகை உரிமை இல்லை, கடல் யாருக்கும் சொந்தமில்லை என்பது வாதம். அதாவது, தங்கள் நாட்டை ஐரோப்பா முழுமையாக ஏற்க வேண்டுமானால் ஆசிய அரசர்களின் கையெழுத்துக்கு முதலில் மதிப்பு இருக்க வேண்டும். 1613-இல் அதே குரோஷியஸ் லண்டனுக்குப் போய், ஆசிய அரசர்களோடு நாங்கள் போட்ட ஒப்பந்தங்கள் இருப்பதால் ஆங்கிலேயர் அங்கே வணிகம் செய்யக்கூடாது என்று வாதாடினார். நாலே வருடத்தில் கடலுக்கு வேலி வந்துவிட்டது.

வேடிக்கை இன்னும் முடியவில்லை. 1640-இல் போர்ச்சுகலும் ஸ்பெயினிலிருந்து பிரிந்தது. ஒல்லாந்தரைக் கலகக்காரர் என்று ஏசிய சாந்தோம் போர்த்துகீசியர் ஒரே நாளில் தாங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். போர்ச்சுகலின் விடுதலையை ஸ்பெயின் 1668-இல்தான் ஏற்றது.

1648-இல் மன்ஸ்டர் ஒப்பந்தத்தில் ஸ்பெயின் ஒல்லாந்தரை ஏற்கக் காரணம் அவர்களின் நியாயத்தில் மனம் கரைந்தது அல்ல. 1635 முதல் பிரான்சோடு போர், 1640-இல் கத்தலோனியாவும் போர்ச்சுகலும் எழுந்தன, கருவூலம் காலி. மூல நாடு களைத்துவிட்டது. புதிய நாட்டுக்குக் களைக்காமல் இருக்கப் பணம் இருந்தது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கரையிலிருந்து போனது. சோழமண்டலத்துச் சாயத் துணி இல்லாமல் மலுக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் கிடைக்காது. பழவேற்காட்டிலிருந்து போனது துணி மட்டும் இல்லை. பஞ்ச காலங்களிலும் போர்க் காலங்களிலும் விலைக்கு வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாக, கும்பினியின் ஆசியத் தலைமையிடமான படேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். ஒரு புதிய நாட்டை ஏற்பதா என்று உலகம் எடை போட்டபோது இந்தக் கணக்கை யாரும் தராசில் வைக்கவில்லை.

அடுத்த முறை பழவேற்காடு இந்தக் கதைக்குள் வந்தது ஒரு பிறந்த நாட்டுக்காக அல்ல, பிறந்துகொண்டிருந்த இன்னொரு நாட்டுக்காக. 1780 செப்டம்பரில் நியூஃபவுண்ட்லாந்து அருகே ஆங்கிலேயக் கப்பல் ஒன்று அமெரிக்கத் தூதர் ஹென்றி லாரன்ஸைப் பிடித்தது. அவர் காகிதப் பையைக் கடலில் வீசினார். அது முழுகுவதற்குள் மாலுமிகள் கொக்கி போட்டு இழுத்துவிட்டார்கள். ஈரக் காகிதங்களுக்குள் 1778-இல் ஆம்ஸ்டர்டாம் தரப்பும் அமெரிக்கத் தரப்பும் சேர்ந்து எழுதிய ஓர் உடன்படிக்கை வரைவு இருந்தது. நெதர்லாந்து அரசு கையெழுத்திடாத வரைவுதான். பிரிட்டனுக்கு அது போதும். ஒல்லாந்தர் அமெரிக்கருக்கு வெடிமருந்து விற்றதிலும், ஆயுதமேந்திய நடுநிலை அணியில் சேர முனைந்ததிலும் ஏற்கனவே கோபம். டிசம்பரில் நெதர்லாந்தின் மீது போர் அறிவித்தது.

1781-இல் பழவேற்காடு பிரிட்டன் கைக்குப் போனது. நவம்பரில் நாகப்பட்டினமும் விழுந்தது. 1782 ஏப்ரல் 19-இல் நெதர்லாந்து ஜான் ஆடம்ஸை அமெரிக்கத் தூதராக முறைப்படி ஏற்றது. அந்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் வங்கியாளர்கள் 50 லட்சம் கில்டர் கடன் திரட்டித் தந்தார்கள். 1784 சமாதானத்தில் பழவேற்காடு திரும்பக் கிடைத்தது, நாகப்பட்டினம் கிடைக்கவில்லை. மறுபடி 1795-இல் பறிபோய், 1818-இல் திரும்பி, 1825-இல் ஒரேயடியாக ஆங்கிலேயருக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கா என்ற புதிய நாட்டின் பிறப்புச் செலவில் ஒரு சிறு பங்கை, யாரும் கேட்காமலே, சோழமண்டலக் கரை கட்டியிருக்கிறது. நம் பாடப் புத்தகங்களில் இது ஏன் இல்லை என்று எனக்குப் புரிவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அங்கீகாரத்தின் வாசல் ஐக்கிய நாடுகள் சபைக்கு மாறியது. பாதுகாப்புக் கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும், வீட்டோ விழக்கூடாது, பிறகு பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. இலங்கையே இந்த வாசலில் காத்திருந்தது. 1948 பிப்ரவரி 4-இல் சுதந்திரம் பெற்றதும் விண்ணப்பித்தது. திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் பிரிட்டிஷ் தளங்கள் இருக்கும்போது இது என்ன சுதந்திரம் என்று சோவியத் ஒன்றியம் தடுத்தது. 1955 டிசம்பர் 14-இல் 16 நாடுகளை மொத்தமாகச் சேர்த்த பேரத்தில்தான் இடம் கிடைத்தது. ஆனால் அந்த நாற்காலிக்குக் காத்திராமல் புதிய நாடு முதல் வேலையாகத் தன் மக்கள் யார் என்று வரையறுத்துவிட்டது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அங்கீகாரம் முழுதாக வந்து சேருமுன்பே, அது தரும் அதிகாரங்களிலேயே கூர்மையானதை எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள்.

தனித் தமிழீழக் கோரிக்கைக்கு மக்கள் ஆதரவு இல்லாமல் இல்லை. 1976 மே 14-இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம். அதை முன்வைத்து 1977 ஜூலைத் தேர்தலில் போட்டியிட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது. 1983 ஆகஸ்டில் வந்த இலங்கை அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தம் தனி நாடு கேட்பதையே சட்டவிரோதமாக்கியது. 1990 மார்ச் 1-இல் வடகிழக்கு மாகாண முதல்வர் வரதராஜப் பெருமாள் திருகோணமலையில் நிபந்தனைகளோடு தனி நாட்டுப் பிரகடனம் செய்தார். இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவு அந்த மாதம் 24-இல் கப்பலேறியது. முதல்வரும் இந்தியாவுக்கு வந்துவிட்டார். மக்கள் தொகையும் நிலமும் தீர்மானமும் இருந்தும், பிரகடனத்தைத் தாங்கிப் பிடிக்கப் படை இல்லை. அங்கீகரிக்க ஒரு நாடும் இல்லை.

விடுதலைப் புலிகளிடம் படை இருந்தது. 2002 பிப்ரவரிப் போர்நிறுத்தத்துக்குப் பின் கிளிநொச்சியில் நீதிமன்றம், காவல்துறை, வங்கி, வரி, ஓமந்தையில் சோதனைச்சாவடி எல்லாம் இயங்கின. நார்வே தூதர்கள் வந்தார்கள். 2003 நவம்பரில் ஐரோப்பிய ஆணையத்தின் கிறிஸ் பேட்டன் வந்தார். மான்டிவிடியோவின் நான்கையும் ஒருவர் வரிசையாக டிக் அடித்திருக்க முடியும். நிலம் அனுபவத்தில் இருக்கிறது, பட்டா மட்டும் வரவில்லை என்பார்களே, அந்த நிலை. பட்டாவின் வாசனை எங்கே பட்டாலும் கொழும்பு உஷாரானது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணப் பணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து பங்கிட 2005 ஜூனில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. அடுத்த மாதமே இலங்கை உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை நிறுத்திவைத்தது. கொசோவோ 2008 பிப்ரவரியில் விடுதலை அறிவித்தபோது, எங்கோ இருக்கும் இலங்கை அரசு கவலை தெரிவித்து அறிக்கை விட்டது.

ஏன் ஒரு நாடுகூட முன்வரவில்லை? 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததும் அவர்களின் தகுதியை உள்ளிருந்தே அரித்தன. ஆனால் அதுவே காரணம் என்று சொல்ல, பழவேற்காட்டு அடிமைக் கப்பல்களை அறிந்த பிறகு, எனக்கு மனம் வரவில்லை. மூல நாடு களைக்கவில்லை. அதைக் களைக்கவைக்கும் நலன் வேறு யாருக்கும் இல்லை. வங்கதேசத்துக்கு இந்தியாவின் நலன் இருந்தது. 1971 டிசம்பர் 6-இல் இந்தியா அங்கீகரித்தது, பத்தாம் நாள் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அப்படியும் 1972-இல் சீனா வீட்டோ போட்டது. 1974 பிப்ரவரியில் பாகிஸ்தானே ஏற்ற பிறகுதான் அந்தச் செப்டம்பரில் ஐ.நா. கதவு திறந்தது. எரித்திரியாவும் (1993) தெற்கு சூடானும் (2011) மூல நாட்டின் ஒப்புதலோடு உள்ளே போயின. 1991-இல் பிரிந்த சோமாலிலாந்து தேர்தல் நடத்தியும் நாணயம் அச்சிட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஐ.நா. உறுப்பு நாட்டின் அங்கீகாரமும் இன்றி நின்றது. ஈழத்தின் விஷயத்தில் இந்தியாவின் கணக்கு, புலிகளால் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21-க்குப் பின், முழுதாக மூடப்பட்டது. அது நடந்த ஸ்ரீபெரும்புதூர் திருவள்ளூருக்குப் பக்கத்து ஊர்தான். 1992 மே மாதம் புலிகள் தடை செய்யப்பட்டார்கள்.

பிறக்காத நாட்டின் மக்கள் எங்கே போவார்கள் என்பதற்குக் கும்மிடிப்பூண்டியில் பதில் இருக்கிறது. 1990-இல் மூண்ட இரண்டாம் ஈழப்போரில் கடல் தாண்டி வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் வாழும் பெரிய முகாம்களில் ஒன்று இங்கே இருக்கிறது. புழலிலும் ஒன்று உண்டு. சிப்காட் ஆலைகளின் புகைக்கூண்டுகளுக்கு அருகே நெருக்கி அடித்த சிறு வீடுகள். ஆண்களில் பலர் பெயின்டிங் வேலைக்குப் போகிறார்கள், சிலர் ஆலைகளில் ஒப்பந்தக் கூலி. மாத உதவித்தொகைக்கு முன் ஆள் சரிபார்ப்பு. வெளியூர் தங்கினால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பொறியியல் பட்டம் பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசுத் தேர்வு எழுதவும் பாஸ்போர்ட் கேட்கவும் போனால், விண்ணப்பத்தில் நாடு என்ற கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. சுமார் 317 கோடி ரூபாயில் வீடு, கல்வித் திட்டங்களை அறிவித்தது. வீடு கட்டித் தருவது மாநிலத்தின் கையில் இருக்கிறது. குடியுரிமை மத்திய அரசின் கையில்.

குடியுரிமைச் சட்டத்தில் ஒரு தேதி இருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். அதன் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவரானால், பெற்றோரில் மற்றவர் சட்டவிரோதமாகக் குடிபுகுந்தவராகவும் இருக்கக்கூடாது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த முதல் வாசலைக் காட்டி, நீதிமன்றம் போய், பாஸ்போர்ட் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1990-க்குப் பின் நிரம்பிய கும்மிடிப்பூண்டி முகாமில், பெற்றோர் இருவரும் அகதிகளாக இருக்க அங்கேயே பிறந்தவருக்கு அந்த வாசல் பிறக்குமுன்பே சாத்தப்பட்டுவிட்டது. 2019 குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசின் ஓர் ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. முகாமில் பலர் அதை நிம்மதியோடு வரவேற்றிருக்கக்கூடும். குடியுரிமை பற்றி அந்த ஆணையில் ஒன்றும் இல்லை.